நிழல், ஆர்கானிக், ஃபேர் டிரேட்: கால் கிலோ காபித்தூளில் மூன்று பொய்

வீட்டில் நல்ல காபி குடிக்க வேண்டும் என்று ஆன்லைனில் தூள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். "நிழலில் விளைந்தது, சான்று பெற்ற ஆர்கானிக், ஃபேர் டிரேட்" என்று மூன்றையும் ஒரே உறையில் அச்சிட்டு விற்கும் ஒரு கம்பெனியிடம் மூன்று மாதச் சந்தா கட்டி ஏமாந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் இல்லாமலே ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடியும் என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

விலை கால் கிலோ 640 ரூபாய். எங்கள் தெருமுனையில் வறுத்து அரைத்துத் தருகிற கடையில் அந்தப் பணத்துக்கு பிளான்டேஷன், பீபெரி என்ற கொட்டை வகைகளைக் கலந்து அரைக் கிலோவுக்கு மேல் வாங்கலாம். கூடக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. பூச்சிமருந்து அடிக்காமல் விளைவித்தால் மகசூல் குறையும், ஆள்கூலி ஏறும். ஒரு கிலோ பச்சைக்கொட்டை கிடைக்க ஐந்தாறு கிலோ பழம் கையால் பறிக்க வேண்டும். அந்தக் கூலி மலையில் இருக்கிறவர்களுக்குப் போகிறது என்றால் தாராளமாகத் தரலாம்.

உறையில் "கீழ்ப்பழனி மலையின் ஒரே தோட்டம், 100 சதவீதம் அராபிகா" என்று இருந்தது. பழுப்புக் காகிதம், நார்க்கயிறு, பெரிய அலகோடு ஒரு பறவை. மேற்குத் தொடர்ச்சி மலை என்றால் இருவாச்சியாகத்தான் இருக்கும் என்று பார்த்தால், அது டூக்கான்! தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, தெற்கு மெக்சிகோ தவிர வேறு எங்கும் காட்டில் இல்லாத பறவை. இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். சரி, படம் வரைந்தவர் தவறு என்று விட்டுவிடலாம். தூளை விட முடியாது.

முதல் நாள் டிகாஷன் கள்ளிச்சொட்டாக இறங்கியது. நிறத்தைப் பார்த்து நான் மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல சிக்கரி இருக்குடா" என்றார். பில்டரில் தண்ணீர் இறங்கிய வேகத்தைக் காட்டினார். சிக்கரி தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். சுத்தக் காபித்தூள் என்றால் அதே பில்டரில் மளமளவென்று இறங்கியிருக்கும்.

இன்னொன்றும் கவனித்தோம். புதிதாக வறுத்த தூளில் கொதிநீர் ஊற்றினால் உள்ளே அடைபட்ட கரியமிலவாயு வெளியேறி, மேலே நுரைத்து உப்பும். இந்தத் தூள் அசையவில்லை. உறையைத் திருப்பிப் பார்த்தால் பேக் செய்த தேதி இருக்கிறது, வறுத்த தேதி இல்லை. எப்போதோ வறுத்ததை நேற்று பொட்டலம் போட்டாலும் அந்தத் தேதி பொய் ஆகாது, பாருங்கள்.

சிக்கரி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறையே சொல்லித்தருகிற சோதனைதான். இரண்டு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சந்தேகப்படும் தூள், இன்னொன்றில் கண்ணெதிரே அரைத்து வாங்கிய சுத்தக் காபித்தூள், அரை ஸ்பூன் வீதம் மெதுவாகத் தூவுங்கள், கலக்காதீர்கள். கடைத்தூள் மேலேயே மிதந்தது, தண்ணீர் கொஞ்ச நேரத்துக்குத் தெளிவாகவே இருந்தது. சந்தாத்தூளில் ஒரு பகுதி மிதக்க, மீதி உடனே கீழே இறங்க ஆரம்பித்தது. இறங்கிய ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் பழுப்பு நிறம் நூல் நூலாக வழிந்து வந்தது. மிக நைசாக அரைத்த காபியும் கடைசியில் அடியில் போய்ச் சேரும் என்பதால், முதல் சில நொடிகளைத்தான் பார்க்க வேண்டும்.

சிக்கரி ஒன்றும் விஷமில்லை. கும்பகோணம் பக்கம் அது இல்லாமல் காபியே இல்லை என்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் காபி-சிக்கரிக் கலவை என்றால் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எது எத்தனை சதவீதம் என்று உறையிலேயே போட வேண்டும் என்பது சட்டம். 100 சதவீதம் அராபிகா என்று எழுதிவிட்டுக் கலப்பது வேறு கணக்கு.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டால், "டார்க் ரோஸ்ட்ல அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் ஒரு பையன். அவர் மேல் கோபமில்லை, எழுதிக்கொடுத்ததைப் படிக்கிறார். சரி, ஆர்கானிக் சான்றிதழ் எண்ணையாவது சொல்லுங்கள் என்றேன். மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஆர்கானிக் என்று விற்கும் உணவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்கிற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் கொண்டுவந்த விதிமுறைகள் இருக்கின்றன. சான்று இரண்டு வழியில் வரலாம். ஒன்று, வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமான ஏபெடா நடத்தும் என்.பி.ஓ.பி. என்ற தேசியத் திட்டம்; இன்னொன்று, விவசாயிகளே குழுவாக ஒருவரையொருவர் சரிபார்க்கும், வேளாண் அமைச்சகத்தின் பி.ஜி.எஸ். இந்தியா. அந்த விதிமுறைகளின்படி, இப்படிச் சான்று பெற்ற பொட்டலத்தின் மேல் "ஜைவிக் பாரத்" முத்திரை இருக்க வேண்டும். காபி மாதிரிப் பல்லாண்டுப் பயிருக்கு, ரசாயனத்தை நிறுத்தி மாறும் காலம் மட்டுமே மூன்று வருடம். அதாவது யாரோ ஒருவர் போன வருடம் நினைத்து இந்த வருடம் ஆர்கானிக் காபி விற்க முடியாது. என் உறையில் பச்சை இலைப் படம் இருந்தது. எந்த முத்திரையும் இல்லை, எண்ணும் இல்லை.

விடாமல் கேட்டதில் வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப். வந்தது. உண்மையான சான்றிதழ்தான். ஆனால் வேறொரு மாநிலத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயரில்! பயிர்ப் பட்டியலில் மிளகும் ஏலக்காயும் இருந்தன, காபி இல்லை. செல்லுபடியாகும் தேதியும் முடிந்திருந்தது. அனுப்பியவர் அதைப் படித்துப் பார்த்திருக்கவே மாட்டார். பெரும்பாலானவர்கள் முத்திரையைப் பார்த்ததும் திருப்தியாகிவிடுவார்கள் என்ற தைரியம்.

இதில் இன்னொரு நுணுக்கம். இப்படி அனுப்புவது "ஸ்கோப் சர்டிபிகேட்". இன்ன நிறுவனம் இன்ன பயிரை ஆர்கானிக்காகக் கையாளத் தகுதி பெற்றது என்று மட்டுமே அது சொல்லும். என் கையில் இருக்கும் சரக்கு அங்கிருந்து வந்ததா என்பதற்கு, ஒவ்வொரு விற்பனைக்கும் தனியாகத் தரும் "டிரான்சாக்‌ஷன் சர்டிபிகேட்" வேண்டும். அதைக் கேட்டேன். சிறு விவசாயிகளிடம் வாங்குவதால் சான்றே தேவையில்லை என்று பேச்சு மாறியது. சிறு விவசாயி தன் விளைச்சலை நேரடியாக நம்மிடம் விற்றால் விலக்கு உண்டு, உண்மைதான். நடுவில் நின்று வாங்கி, "சான்று பெற்ற" என்று அச்சடித்து விற்கும் கம்பெனி அந்த விலக்குக்குள் எப்படி நுழையும்?

அப்புறம் அந்த நிழல் விஷயம். கீழ்ப்பழனி மலை ஊரான பண்ணைக்காட்டில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் காபித்தோட்டம் வைத்திருக்கிறார். உறையில் இருந்த வாசகத்தைப் போனில் படித்துக் காட்டினேன். சிரித்தார். "மலையில நிழல் இல்லாத காபித்தோட்டம் எது தம்பி? வெயில்ல விட்டா தண்டுத் துளைப்பான் பூச்சி அராபிகாவைத் தின்னுட்டுப் போயிடும்" என்றார். இந்தியாவில் காபி ஏறக்குறைய முழுவதும் மர நிழலில்தான் விளைகிறது. வெட்டவெளியில் காபி போடும் பெரும் பண்ணைகள் பிரேசிலில் உண்டு. அந்தக் காபி நிறைந்த வெளிநாட்டுச் சந்தையில் இந்த வாசகத்துக்கு மதிப்பு இருக்கிறது. குடகு, சிக்மகளூர், ஏற்காடு, தாண்டிக்குடி என்று எங்கே வாங்கினாலும் நமக்கு அது இயல்பாகவே வருவது. அதற்கு நூறு ரூபாய் கூட்டுவது அநியாயம்.

கேட்க வேண்டியது என்ன நிழல் என்றுதான். தோட்டம் முழுக்க சில்வர் ஓக் மட்டும் நட்டு மிளகுக்கொடி ஏற்றியிருந்தாலும் நிழல்தான். பலா, அத்தி, நாவல், முள்முருங்கை என்று கலந்து நின்றாலும் நிழல்தான். பறவைக்கும் மண்ணுக்கும் இரண்டும் ஒன்றில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தரும் "பேர்ட் ஃபிரெண்ட்லி" முத்திரைக்குக் குறைந்தது 40 சதவீத நிழல் மூட்டம் வேண்டும், பலவகை மரங்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்க வேண்டும், ஆர்கானிக் சான்றும் கட்டாயம். என் உறையில் "பறவைகளின் நண்பன்" என்று தமிழில் போட்டிருந்தார்கள். கெட்டிக்காரர்கள்.

மூன்றாவது, ஃபேர் டிரேட், அதாவது விவசாயிக்கு நியாயமான விலை தரும் வணிகம். அதற்கென்று உலக அளவில் ஓர் அமைப்பும் முத்திரையும் இருக்கின்றன. சான்று பெற்ற கூட்டுறவுக்கும் வணிகருக்கும் அடையாள எண் உண்டு, ஃப்ளோசர்ட் என்ற தணிக்கை நிறுவனத்தின் தளத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். கழுவிப் பதப்படுத்திய அராபிகாவுக்கு 2023 ஆகஸ்ட் முதல் அவர்கள் வைத்த குறைந்தபட்ச விலை ஒரு பவுண்டு எடைக்கு 1.80 டாலர், சமூகப் பணிகளுக்கு 20 சென்ட், ஆர்கானிக் என்றால் 40 சென்ட் கூடுதல். 2025 தொடக்கத்தில் சந்தை விலையே 4 டாலரைத் தாண்டியது. அந்த நேரத்தில் குறைந்தபட்ச விலையால் விவசாயிக்குப் பெரிய லாபமில்லை, அந்தக் கூடுதல் சென்ட்டுகள்தான். விலை விழும்போதுதான் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்.

"வெளிநாட்டு முத்திரைக்குக் காசு கட்டுவதை விட விவசாயிக்கே கொடுக்கிறோம்" என்று மேலாளர் மெயில் போட்டார். இந்த வாதத்தை நான் முழுசாகத் தள்ளவில்லை. சான்றிதழ் செலவு சிறு விவசாயியால் தாங்கக் கூடியதில்லை, முத்திரை இல்லாமலே ஒழுங்காக விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்டவர்கள் எந்த ஊர், என்ன விலைக்கு எடுத்தோம், பழமாகவா, சதை நீக்கிக் காயவைத்த பார்ச்மென்ட்டாகவா என்று கேட்டால் கூச்சப்படாமல் சொல்வார்கள். இவரிடம் அந்த மூன்றையும் கேட்டேன். பதிலாக அடுத்த ஆர்டருக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது.

தோட்டம் பற்றியும் கொஞ்சம் தோண்டினேன். உறையில் இருந்த 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணை அரசுத் தளத்தில் போட்டால், மலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தொழிற்பேட்டையில் உள்ள பொட்டலம் போடும் கம்பெனிக்குப் போகிறது. அப்படிப் போட்டு வாங்குவது குற்றமில்லை. "எங்கள் தோட்டத்திலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு" என்று எழுதாமல் இருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

பணம் திரும்ப வரவில்லை. சந்தாவை ரத்து செய்ய முடியாது என்றார்கள். அப்புறம் மூன்றாம் மாதத்துக்கானதை மட்டும் தருகிறோம் என்றார்கள். அதுவும் கடைசியில் கூப்பனாகத்தான் தருவார்களாம். 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி விற்கிற தளம் குறைதீர் அலுவலர் பெயரைப் போட வேண்டும், புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இவர்கள் தளத்தில் ஒரு பெயரும் இல்லை. சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லி ஏமாற்றும் விளம்பரங்களுக்கு எதிராக 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதல்களே வெளியிட்டிருக்கிறது, அதையும் மெயிலில் சொல்லிப் பார்த்தேன். அதற்கு அப்புறம்தான் பதில் வருவதே நின்றது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். சீல் உடைக்காத இரண்டாம் மாதப் பொட்டலத்தோடு உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆய்வகம் சொல்லும் வரை சிக்கரி என்பது அம்மாவின் நாக்கும் என் டம்ளரும் சொன்னது மட்டும்தான். சான்றிதழ் விஷயத்துக்கு ஆய்வகம் தேவையில்லை.

இதற்கிடையே அவர்கள் தளத்தில் "சான்று பெற்ற ஆர்கானிக்" போய் "இயற்கையின் அரவணைப்பில்" என்று வந்திருக்கிறது. விலை அதே 640. பழைய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இதே பறவை போட்ட பழைய உறை உங்கள் வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண் மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில்லோடு சேர்த்து நீங்களும் ஒரு புகார் பதிந்துவிடுங்கள்.