க்னோமா, பிளாஸ்மாவா? விண்டோஸிலிருந்து வருபவருக்கு எது சீக்கிரம் பழகும்

க்னோம், பிளாஸ்மா இரண்டும் லினக்ஸில் திரை, சாளரங்கள், மெனு ஆகியவற்றைத் தரும் டெஸ்க்டாப் சூழல்கள். நாளையே அலுவலக வேலை ஓட வேண்டும் என்றால் பிளாஸ்மா. மடிக்கணினியில், டச்பேடும் விசைப்பலகையுமாகவே வேலை பார்ப்பவர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார் என்றால் க்னோம்.

க்னோமில் முதலில் தட்டுப்படாதது மினிமைஸ் பொத்தான். ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் சாளரத்தின் மூலையில் மூடும் பொத்தான் மட்டுமே இருக்கும், டாஸ்க்பாரும் கிடையாது. (உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை இவற்றைச் சேர்த்தே தருகிறது.) காரணம், க்னோமில் சாளரத்தை ஒளித்துவைப்பதில்லை, அடுத்த பணியிடத்துக்கு (இன்னொரு மெய்நிகர் டெஸ்க்டாப்புக்கு) அனுப்புகிறோம். அதற்கு சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள விசை), ஷிஃப்ட், பேஜ் டவுன் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பணியிடம் மாற, டச்பேடில் மூன்று விரலால் பக்கவாட்டில் தள்ளினால் போதும். சூப்பர் விசையைத் தட்டி, செயலியின் பெயரில் இரண்டு எழுத்து அடித்து என்டர் கொடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் மெனுவே தேவைப்படாது.

ஆல்ட்+டேப் பலரை எரிச்சலூட்டும். இரண்டு ஃபயர்ஃபாக்ஸ் சாளரங்கள் திறந்திருந்தாலும் ஒன்றாகவே காட்டும். விசைப்பலகைக் குறுக்குவழிகளில் ‘சாளரங்களுக்கிடையே மாறு’ என்பதற்கு ஆல்ட்+டேப் கொடுத்தால் சரியாகிவிடும்.

க்னோமை விண்டோஸ் போலாக்க நீட்சிகளை (கூடுதல் வசதி தரும் எக்ஸ்டென்ஷன்களை) அடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்னோமின் புதிய பதிப்பு வரும். எந்தெந்தப் பதிப்பில் இயங்கும் என்று ஒவ்வொரு நீட்சியும் தனக்குள் குறித்து வைத்திருக்கும். புதிய எண் அதில் இல்லையென்றால் நீட்சி அணைந்துவிடும், அதை நம்பிய பழக்கமும் போச்சு.

பிளாஸ்மாவில் கீழே பேனல், இடப்பக்கம் மெனு, வலப்பக்கம் கடிகாரம். 2024 பிப்ரவரியில் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து கோப்பைத் திறப்பதும் இரட்டைச் சொடுக்குதான். இங்கே ஆபத்து, எதையும் மாற்ற முடிவதுதான். பேனல் காணாமல் போனால் டெஸ்க்டாப்பில் வலச்சொடுக்கி, இயல்புநிலைப் பேனலைச் சேருங்கள். இன்னொன்று: தானியங்கி உள்நுழைவை வைத்தால், கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கேவாலட் கடவுச்சொல் கேட்டு நச்சரிக்கும். உள்நுழையும்போது தரும் கடவுச்சொல்லால்தான் அது திறக்கிறது. தானியங்கி உள்நுழைவை எடுத்துவிடுவதே நல்லது.

தமிழ்த் தட்டச்சில் க்னோம் தெளிவாக முந்துகிறது. ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பை நிறுவி, வெளியேறி உள்நுழைந்து, செட்டிங்ஸில் உள்ளீட்டு மூலமாகத் தமிழ்99-ஐச் சேர்த்தால் வேலை முடிந்தது. மாற்றிக்கொள்ள சூப்பர்+ஸ்பேஸ். பிளாஸ்மாவின் வேலாண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) அமர்வில் எஃப்சிஐடிஎக்ஸ் 5 என்ற உள்ளீட்டு மென்பொருளையும் அதன் எம்17என் தொகுப்பையும் நிறுவியபின், சிஸ்டம் செட்டிங்ஸில் ‘மெய்நிகர் விசைப்பலகை’ பக்கத்தில் எஃப்சிஐடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்கவும் வேண்டும். பெயரைப் பார்த்துத் தொடுதிரைக்கானது என்று பலர் இதைத் தாண்டிப்போவதால்தான் தமிழ் விழுவதில்லை.

பழைய கணினியில் 4 ஜிபி ரேம்தான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் சூழல் போதும். அதில் மெல்லிய சாளர ஓரம் பிடிபடாவிட்டால், ஆல்ட் விசையோடு மவுஸின் வலப்பொத்தானால் இழுத்து அளவை மாற்றுங்கள்.

க்னோம், பிளாஸ்மா இரண்டையும் ஒரே கணினியில் சோதிப்பவர்கள் தனித்தனிப் பயனர் கணக்குகள் உருவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே கணக்கில் மாறி மாறி நுழைந்தால் தீம், ஐகான், கர்சர் அமைப்புகள் ஒன்றையொன்று மேலெழுதும். பிறகு எது யாருடைய கோளாறு என்று பிரித்தறிய முடியாது.