பத்திரத்தில் முழு ஆதார் எண்ணைப் போட விடாதீர்கள்

அம்மா தன் பெயரில் இருந்த மனையை எனக்கும் தங்கைக்கும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். ஆவண எழுத்தர் வரைவைக் காட்டியபோது நான்கு எல்லை, சர்வே எண், இனிஷியல் எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். அம்மாவின் பெயருக்குக் கீழே ஆதார் எண் 12 இலக்கமும் அடித்திருந்தது. "இது முழுசா வேணுமா?" என்று கேட்டேன். "எல்லாரும் போடறதுதான் சார், போட்டாத்தான் சேஃப்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனை நீட்டி, "இது என்னன்னு பாருப்பா" என்றார். வங்கியிலிருந்து இரண்டு எஸ்.எம்.எஸ். வெள்ளிக்கிழமை, நாலு நிமிட இடைவெளியில், 10,000 ரூபாயாக இரண்டு தடவை எடுத்திருக்கிறார்கள். ஏ.டி.எம். கார்டு பீரோவில்தான் இருந்தது. ஓ.டி.பி. வரவில்லை, யாரும் போன் பண்ணவும் இல்லை.

உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் பேசிப் புகாரைப் பதிவு செய்தேன். மறுநாள் வங்கிக் கிளையில் சொன்னது: "கைரேகை வச்சுத்தான் எடுத்திருக்கு. உங்க அம்மாவே எங்கேயாவது வச்சிருப்பாங்க." மூட்டு வலியால் அம்மா அந்த வாரம் முழுக்க வாசற்படி தாண்டவில்லை. அதைச் சொன்னால் கேட்பாரில்லை.

சைபர் கிரைம் காவலர் ஒருவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார்: "சமீபத்துல பத்திரம் ஏதாவது பதிஞ்சீங்களா?"

வீட்டுக்கு வந்து பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் போட்டோ, பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை. மை திட்டாகாமல் ஒவ்வொரு கோடும் எண்ணுகிற மாதிரித் தெளிவாக விழுந்திருந்தது. அதே கட்டத்தில் முழு ஆதார் எண். கடைசியில் ஆதார் அட்டையின் ஜெராக்ஸ் வேறு. ஏ.இ.பி.எஸ். என்கிற ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனை முறையில் பணம் எடுக்க ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை மூன்றும் போதும். கார்டும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பத்திரத்தில் இருக்கும் ரேகையை அச்செடுத்து மோசடி செய்தவர்களைத் தெலங்கானா போன்ற மாநிலங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது.

இந்தப் பத்திரம் எங்கள் வீட்டுப் பீரோவில் மட்டும் இருப்பதாக நினைத்தது என் தவறு. 1908 பதிவுச் சட்டத்தின் 57வது பிரிவுப்படி, சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். வில்லங்கம் பார்த்து வாங்குவதற்கு அது அவசியம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்கு அம்மாவின் ஆதார் எண் எதற்கு? ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்று 2016 ஆதார் சட்டத்தின் 29வது பிரிவே சொல்கிறது.

பணம் திரும்பி வந்தது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் வந்தது. நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போனால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் நம் தலையில் விழாது. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். அம்மா அந்த எஸ்.எம்.எஸ்.ஸை இன்னும் ஒரு வாரம் கழித்துக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இப்போது அம்மாவின் பயோமெட்ரிக்கை, அதாவது கைரேகை, கருவிழிப் பதிவுகளை, யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆதார் தளத்தில் பூட்டி வைத்திருக்கிறேன். ரேஷன் கடையில் ரேகை வைக்கிற நாளில் மட்டும் திறந்துகொள்கிறோம். அடையாளத்துக்கு நகல் கேட்கிற இடத்தில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கிறோம். அதே தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். உங்கள் அப்பா அம்மாவுக்கும் இன்றே செய்துவிடுங்கள். பத்திரத்தில் ஏற்கெனவே விழுந்த ரேகையை இனி அழிக்க வழியில்லை.

போன வாரம் தங்கை வேறொரு பத்திரத்துக்கு வரைவு வாங்கி வந்தாள். மூன்றாம் பக்கத்தில் மறுபடியும் 12 இலக்கம். எழுத்தரிடம் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதல் எட்டு இலக்கத்தையும் எக்ஸ் ஆக்கி, ஐந்தே நிமிடத்தில் புது பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டார்.