பிரசவ அறையில் எதற்குச் சரி சொல்வது, எதற்குக் காரணம் கேட்பது?

மாதம் நெருங்க நெருங்க இரண்டு விதமான அறிவுரை வந்து விழும். "அவங்க என்ன செஞ்சாலும் பேசாம இரு, அவங்களுக்குத் தெரியும்" என்பது ஒன்று. "ஊசி, ட்ரிப்ஸ் எதுக்கும் ஒத்துக்காதே, எல்லாம் தானா நடக்கும்" என்பது இன்னொன்று. இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். லேபர் வார்டில் வழக்கமாகச் செய்பவற்றில் சில, உயிரைக் காப்பவை. சில, எல்லோருக்கும் செய்து செய்து பழகிவிட்டதால் மட்டுமே தொடர்பவை. அதனால் ஒவ்வொன்றையும் தனியாகத்தான் எடை போட வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவது மாதம் நிறைந்த, தலை கீழே திரும்பிய, ஒற்றைக் குழந்தையைச் சுமக்கும், வேறு சிக்கல் இல்லாத பெண்ணைப் பற்றி. ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முன்பு சிசேரியன் என்று ஏதாவது இருந்தால் கணக்கே மாறிவிடும்.

எனிமா, ஷேவிங் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். தொற்று குறையும் என்று நம்பிச் செய்தார்கள். அப்படிக் குறைவதற்குச் சான்று கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில் இரண்டுமே வேண்டாம் என்றுதான் இருக்கிறது. வலி நேரத்தில் பட்டினி போடுவதும் பழைய பயம்தான். மயக்க மருந்து கொடுத்த பெண்களுக்கு வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடுவதை 1946இல் கர்டிஸ் மெண்டல்சன் என்ற மருத்துவர் எழுதினார். அன்று முழு மயக்கம் கொடுப்பது சாதாரணம். இன்று சிசேரியனுக்கே பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு வயிற்றையும் அதற்குக் கீழேயும் மட்டும்தான் மரத்துப்போக வைக்கிறார்கள். சிக்கல் இல்லாதவர் தண்ணீர் குடிக்கலாம், லேசாகச் சாப்பிடலாம்.

அடுத்தது குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனிப்பது. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு வழி சிடிஜி. வயிற்றைச் சுற்றி இரண்டு பட்டைகள் கட்டுவார்கள். ஒன்று துடிப்பைப் பிடிக்கும், மற்றது வலி வந்து போவதைக் காட்டும். காகிதம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு வழி, கையடக்க டாப்ளர் கருவியால் அவ்வப்போது கேட்பது: ஆரம்பத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடமாவது. விடாமல் பதிவு செய்வதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சிடிஜியால் பச்சிளம் குழந்தைகளுக்கு வலிப்பு வருவது குறைகிறது. அது நிஜமான நன்மை. ஆனால் வலிப்பு அபூர்வம். குழந்தை இறப்பிலும் மூளை வாதத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. சிசேரியன் மட்டும் கூடுகிறது. பட்டை கட்டினால் எழுந்து நடக்கவும் முடியாமல் போகிறது. சிக்கல் இல்லாதவருக்கு இடைவிட்டுக் கேட்பதே மேல் என்பது என் முடிவு. ஆனால் நேரம் தவறாமல் வந்து கேட்க ஆள் இருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத இடத்தில் நானும் சிடிஜியையே கேட்பேன்.

வலியை வேகப்படுத்தும் ட்ரிப்ஸுக்கு வருவோம். கர்ப்பவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற கணக்கை வைத்து, அதில் பின்தங்கினால் உடனே பனிக்குடத்தை உடைத்து, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை ஏற்றுவது நெடுநாள் வழக்கம். அந்தக் கணக்கு நிறையப் பெண்களுக்குப் பொருந்துவதில்லை. வேகமான கட்டம் 5 சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும், தலைப்பிரசவத்தில் அங்கிருந்து 12 மணி நேரம் வரை ஆகலாம் என்றும் அதே 2018 பரிந்துரைகள் சொல்கின்றன. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால் காத்திருக்கலாம். ட்ரிப்ஸ் ஏறினால் வலி கடுமையாகும், சிடிஜி கட்டாயமாகும், எபிடியூரல் (முதுகில் செலுத்தும் வலி மரக்கும் மருந்து) கேட்க வேண்டி வரலாம். ஒன்றுக்குச் சரி சொன்னால் மூன்றுக்குச் சரி சொன்னதாகிறது, அதைத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

அதற்காக, மருந்து கொடுத்து வலி வரவழைத்தாலே சிசேரியன்தான் என்று பயமுறுத்துவதும் தவறு. அமெரிக்காவில் தலைப்பிரசவப் பெண்கள் 6,000 பேருக்கு மேல் பங்கெடுத்து 2018இல் வெளியான அரைவ் ஆய்வில், 39ஆம் வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குச் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். பனிக்குடம் உடைந்து வெகுநேரமாகியும் வலி வராவிட்டால் தொற்று ஏறும் ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் ட்ரிப்ஸ்தான் நல்லது.

குழந்தை வெளிவரும்போது பிறப்புறுப்பின் வாயில் போடும் வெட்டைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. 1920இல் ஜோசப் டிலீ என்ற அமெரிக்க மருத்துவர் ஆயுதம் வைத்து எடுப்பதையும் எபிஸியோடமி என்ற இந்த வெட்டையும் முன்னெச்சரிக்கையாகச் செய்யலாம் என்று வாதிட்டார். தானாகக் கிழிந்தால் கோணல்மாணலாகக் கிழியும், நேராக வெட்டினால் சீக்கிரம் ஆறும் என்ற எண்ணம் அப்படியே வேரூன்றிவிட்டது. எல்லோருக்கும் வெட்டுவதையும் தேவைப்பட்டால் மட்டும் வெட்டுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், இரண்டாவது வழியில்தான் ஆழமான கிழிசல் குறைவு. தானாகக் கிழிவது பலருக்குத் தோலோடும் மேல்தசையோடும் நின்றுவிடும். வெட்டோ எடுத்த எடுப்பிலேயே தசைக்குள் இறங்குகிறது. தையல் போட்டவர் உட்கார்ந்து பால் கொடுக்கப் படும் பாடு, பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குழந்தையின் துடிப்பு இறங்கி உடனே வெளியே எடுக்க வேண்டும் என்றாலோ, ஆயுதம் போட வேண்டி வந்தாலோ வெட்டு நியாயம். "முதல் குழந்தைன்னா வெட்டித்தான் ஆகணும்" என்பது காரணமே இல்லை. மேல்வயிற்றை அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதற்கும் நான் சம்மதிக்கமாட்டேன். அதையும் உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்கிறது.

குழந்தை பிறந்த பிறகு தராசு மறுபக்கம் சாய்கிறது. நஞ்சுக்கொடி வெளிவரும் நேரத்தில் ரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்குப் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசினை மறுக்கவே மறுக்காதீர்கள். உலகெங்கும் பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதற்குப் பெரிய காரணம் ரத்தப்போக்கு. யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது. குழந்தைக்குப் போடும் 1 மில்லிகிராம் வைட்டமின் கே ஊசியும் அப்படித்தான். தாய்ப்பாலில் அந்த வைட்டமின் மிகக் குறைவு. ஊசி இல்லாவிட்டால் அபூர்வமாக மூளைக்குள்ளேயே ரத்தம் கசியும். இந்த இரண்டையும் "இயற்கையா இருக்கட்டும்" என்று தள்ளுவதை என்னால் ஒப்பவே முடியாது.

தொப்புள் கொடியை மட்டும் உடனே வெட்ட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். குறைந்தது ஒரு நிமிடம் விட்டால் போதும். கொடியில் மிச்சமிருக்கும் ரத்தம் குழந்தைக்குப் போகும், இரும்புச்சத்து மாதக்கணக்கில் கைகொடுக்கும். குழந்தை நல்லபடியாக மூச்சு விடவில்லையென்றால் இந்தப் பேச்சுக்கு இடமில்லை.

இதையெல்லாம் வலி நடுவில் பேச முடியாது. எட்டாம் மாதச் செக்கப்பிலேயே கேளுங்கள்: "எல்லாருக்கும் வெட்டுவீங்களா, தேவைப்பட்டா மட்டுமா? ட்ரிப்ஸ் எப்போ போடுவீங்க?" பதிலை ஒரு தாளில் குறித்து, கூட இருக்கப்போகிறவரிடம் கொடுங்கள். அவர் அங்கே கேட்க வேண்டியவை இரண்டு: "இப்ப இது எதுக்கு டாக்டர்? கொஞ்ச நேரம் பொறுத்தா என்ன ஆகும்?" "இப்போ நேரமில்லை, குழந்தைக்கு ஆபத்து" என்று பதில் வந்தால் அதற்கு மேல் கேள்வி வேண்டாம் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.