வாரம் ஒரு வாளி: சாப்பாட்டுக் கழிவு எடுக்கும் சேவை எப்படி?

மாதம் 15 வெள்ளி. இறுக்கமான மூடியோடு 20 லிட்டர் வாளி. செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்குள் கேட்டுக்கு வெளியே வைத்தால், நிறைந்ததை எடுத்துக்கொண்டு கழுவிய வாளியை வைத்துவிட்டுப் போகிறார்கள். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு நெகிரி செம்பிலான் டவுனில், தாமான் வீடுகளுக்கும் பழைய லயத்து வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கழிவை எடுத்து உரமாக்கப் புதிதாக வந்திருக்கும் சேவை இது. எடுக்கும் வேலையில் குறை சொல்ல முடியாது. சொல்லிக்கொடுக்கும் வேலைதான் அரைகுறை.

மலேசியாவின் திடக்கழிவுச் சட்டமான 672ஆம் சட்டத்தை ஏற்ற மாநிலம் என்பதால், 2015 செப்டம்பர் 1 முதல் இங்கே வீட்டிலேயே குப்பை பிரிப்பது கட்டாயம். வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பைக்கு, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கு லோரி வரும். மிஞ்சிய சோறும் மீன் தலையும் அந்த இரண்டு நாள் பையில்தான் போய்க்கொண்டிருந்தன. வாளிக்கு மாறியதும், மூன்று நான்கு நாளில் வெளியேறியது ஏழு நாள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுகிறது. சிக்கல் எல்லாம் அந்த ஏழு நாளில்தான்.

நம் ஊர் வெக்கையில் ஈ முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும். நாலைந்து நாளில் புழு முற்றி, கூட்டுப்புழுவாக மாற ஈரமில்லாத இடம் தேடி மேலே ஏறும். ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தால் விளிம்பெல்லாம் நெளிவது அதனால்தான். மூடியைத் திட்டிப் பயனில்லை. சிங்க் ஓரத்தில் திறந்து கிடந்த தட்டிலேயே ஈ முட்டையிட்டிருக்கும். சாப்பிட்டதும் தட்டில் மிஞ்சியது உடனே வாளிக்குப் போனால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதி தண்ணீர். சாப்பாட்டுக் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர்தான். சாம்பார், ரசம், மோர்க்குழம்பு எதுவானாலும் வடிகட்டியில் வடித்த பிறகே வாளிக்கு. எண்ணெய் மிதக்கும் குழம்பை அப்படியே சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். ஆறவைத்து, மேலே நிற்கும் எண்ணெயைத் தாளில் ஒற்றிக் குப்பைப் பையில் போடுங்கள். வாளியின் அடியில் இரண்டு விரற்கடை மரத்தூளோ கிழித்த நாளிதழோ இருக்கட்டும். ஒவ்வொரு முறை கொட்டியதும் மேலே ஒரு கைப்பிடி. பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். அடுப்புச் சாம்பலும் வேண்டாம்: அதன் காரத்தன்மை அம்மோனியாவைக் கிளப்பி நாற்றத்தைக் கூட்டும். மீன் செவுள், இறால் தோல், கோழிக் குடல் மூன்றையும் ஃபிரீசரில் வைத்து, திங்கள் இரவு பிளாஸ்டிக் பையைக் கழற்றிவிட்டு வாளியில் போடுவதே நல்லது.

சேவைக்காரர்கள் தரும் தாளில் ‘சிசா மக்கானான்’ (மிஞ்சிய சாப்பாடு) என்று மலாயில் இரண்டே சொல். எது ஆகும், எது ஆகாது என்று ஒரு வரிகூட இல்லை. நாசி லெமாக் சுற்றி வரும் பழுப்புத் தாளின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு, அது மட்காது. பொட்டலத்து ரப்பர் பேண்டும் டீ பையின் ஸ்டேப்பிளும் அப்படித்தான். இளநீர்க் கோம்பையும் டுரியான் தோலும் மட்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், வாளியையும் அடைத்துக்கொள்ளும். வாழை இலையைக் கிழித்துப் போடுங்கள். முழுதாகப் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, காற்றுப் புகாமல் உள்ளே அழுகும். பால் பிழிந்த தேங்காய்ச் சக்கை சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் அதற்கு மரத்தூள் இரட்டிப்பு.

வாளி நிறைந்தால் ஏறக்குறைய 10 கிலோ. நாலு பேர் வீட்டுக்குப் போதும். தீபாவளி வாரத்துக்குப் போதவே போதாது. கூடுதல் வாளிக்கு 5 வெள்ளி கேட்கிறார்கள், நியாயமான விலைதான். பொது விடுமுறை செவ்வாயில் விழுந்தால் மாற்று நாள் கிடையாது என்பதுதான் நியாயமில்லை. இந்த வெக்கையில் 14 நாள் எந்த வாளியும் தாங்காது. அந்த வாரம் பழைய கறுப்புப் பையே கதி.

தோட்டத்து ஓரத்து வீடுகளுக்குக் குரங்குத் தொல்லை வேறு. மூடியின் காதை அழுத்திப் பூட்டி, மேலே ஒரு செங்கல் வைக்க வேண்டும். முதல் நாள் இரவே வெளியே வைத்தால் நாய்க்கும் உடும்புக்கும் விருந்து.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை 5 கிலோ உரம் திருப்பித் தருகிறார்கள். நேராகக் கறிவேப்பிலைச் செடிக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, ஈரமாக்கி, பத்துப் பச்சைப்பயறு ஊன்றுங்கள். நாலு நாளில் குறைந்தது எட்டு முளைத்தால் உரம் பக்குவம். ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலக்கலாம். முளை கருகினாலோ அம்மோனியா வாடை வந்தாலோ, பையின் வாயைத் திறந்து நிழலில் இன்னும் ஒரு மாதம் வையுங்கள்.