பிபிசி சிமென்ட், சாம்பல் கல், நட்சத்திரக் கம்பி: வாங்கிப் பார்த்த அனுபவமும் அரசு முத்திரைகளும்

திருவள்ளூர் மாவட்டத்தில் சிறிய வீடுகளுக்குக் கட்டுமான மேற்பார்வை செய்வது என் தொழில். அண்மையில் முடிந்த ஒரு வீட்டுக்குக் கரிம உமிழ்வு குறைந்த பொருள்களையே இயன்றவரை வாங்க வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினார். செலவு கூடக் கூடாது, பலம் குறையக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தே சொன்னார். அப்படி வாங்கிய சிமென்ட், கல், கம்பி ஆகிய மூன்றையும், அவற்றைத் தேர்ந்தெடுப்பதற்கு அரசின் முத்திரைகளும் ஆதரவும் எவ்வளவு துணை செய்தன என்பதையும் இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள்கள் நன்றாகவே இருக்கின்றன, அவற்றை அடையாளம் காட்ட வேண்டிய முத்திரைதான் கடை வரைக்கும் வந்து சேரவில்லை.

ஒரு வீட்டின் கரிமக் கணக்கில் சிமென்டின் பங்கு பெரியது. சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1450 டிகிரி வெப்பத்தில் சுட்டு, அரைத்தால் சிமென்டாகும் கிளிங்கர் என்ற கட்டிகளாக மாற்றும்போது, எரிபொருளின் புகை ஒருபுறம் இருக்க, கல்லுக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயுவும் பிரிந்து வெளியேறுகிறது. மொத்த உமிழ்வில் பாதிக்கு மேல் கல்லிலிருந்தே வருவதால், ஆலை சூரிய மின்சாரத்தில் ஓடினாலும் அந்தப் பங்கு குறையாது. மூட்டைக்குள் போகும் கிளிங்கரின் அளவைக் குறைப்பதே நேரான வழி. ஓபிசி எனப்படும் சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் ஏறத்தாழ முழுவதும் கிளிங்கர்தான். ஐஎஸ் 1489 என்ற இந்தியத் தரத்தின்படி தயாராகும் பிபிசியில், அதாவது போர்ட்லேண்ட் பொசொலானா சிமென்டில், 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் சேர்கிறது. ஐஎஸ் 455 தரத்தின்படி தயாராகும் ஸ்லாக் சிமென்டில் இரும்பாலையின் ஊதுலைக் கசடு அதைவிடவும் அதிகமாகச் சேரலாம்.

நாங்கள் வாங்கியது பிபிசி. அந்த மூட்டையை வாங்குகிறவர்கள் ஒரு முறையாவது நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையின் தலைப்பில் தர எண்ணும், அதன் அடியில் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் இட்டால், உரிமம் யாருடையது, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடுகிறது. தயாரித்த வாரமும் மாதமும் ஆண்டும் தனியே அச்சாகியிருக்கும். இவற்றுக்கு நடுவே, பெரும்பாலானோர் கண்ணில் படாத சிறிய எழுத்தில், சேர்க்கப்பட்ட சாம்பலின் சதவீதமும் இருக்கிறது. கரிமத்தைப் பற்றிய தகவல் என்று யாரும் அதற்குப் பெயர் சூட்டவில்லை என்றாலும், இன்றைக்கு ஒரு சாதாரண வாடிக்கையாளர் கையில் கிடைக்கும் மிகப் பயனுள்ள கரிமத் தகவல் அதுதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அதைக் கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போட முடியும். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ 0.85 டன் கரியமில வாயு வெளியாகிறது என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ ஓபிசி மூட்டைக்குச் சுமார் 40 கிலோவும், 30 சதவீதம் சாம்பல் உள்ள பிபிசி மூட்டைக்குச் சுமார் 28 கிலோவும் வருகின்றன. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற வழக்கமான கணக்கில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை தேவைப்படும். ஆகவே சிமென்டின் வகையை மாற்றிய ஒரே காரணத்தால் ஏறத்தாழ ஐந்து டன் குறைகிறது. உரிமையாளர் இதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை; எங்கள் பகுதியில் பிபிசி மூட்டை, 53 கிரேடு ஓபிசியைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே கிடைக்கிறது.

தரத்தைப் பொறுத்தவரை பிபிசியின் குணத்தை அறிந்து வேலை வாங்க வேண்டும். இது மெதுவாகப் பலம் ஏறும் சிமென்ட். 53 கிரேடு ஓபிசி மூன்றாம் நாளில் 27 மெகாபாஸ்கல் (அழுத்தத்தைத் தாங்கும் வலிமையின் அலகு) காட்ட வேண்டும் என்று தரநூல் சொல்லும் இடத்தில், பிபிசிக்கு 16 போதும் என்று இருக்கிறது. சாம்பல் தன் வேலையைச் செய்ய நாளும் ஈரமும் வேண்டும் என்பதால், கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 தரநூல், ஓபிசி கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்து நீராற்றச் சொல்லி, சாம்பலோ கசடோ கலந்த சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள் என்றும், வறண்ட வெப்பத்தில் 14 நாள் என்றும் கூட்டிச் சொல்கிறது. எங்கள் மேஸ்திரி, “சார், தளத்துக்கு மட்டுமாவது ஐம்பத்து மூணு கிரேடு போட்டுக்கலாம், சென்ட்ரிங்கைச் சீக்கிரம் பிரிச்சிடலாம்” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால், தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, முட்டுகளைக் கூடுதல் நாள் விட்டுவைத்த பிறகு, தளத்தில் வெடிப்பு ஏதும் தெரியவில்லை. பூச்சு வேலையும் ஓபிசியில் செய்ததைவிட வழவழப்பாக வந்தது. உப்புக்காற்றும் உவர்நீரும் உள்ள கடலோரப் பகுதிகளில் கம்பி துருப்பிடிக்காமல் காப்பதிலும், அடர்த்தியாக இறுகும் பிபிசியும் ஸ்லாக் சிமென்டுமே மேலானவை.

ஆதரவு என்று பார்த்தால், வரியில் இந்த வேறுபாடு எதுவும் தெரிவதில்லை. சிமென்டுக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. வீடு கட்டுவோருக்கு அது நல்ல செய்திதான். ஆனால் அந்தக் குறைப்பு, கிளிங்கர் நிறைந்த மூட்டைக்கும் பாதிக் கிளிங்கரோடு வரும் மூட்டைக்கும் ஒரே அளவில் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவே இரண்டு சதவீதம் இடைவெளி வைத்திருந்தாலே, கடைக்காரர் எந்த மூட்டையை முன்வரிசையில் அடுக்குவார் என்பது மாறியிருக்கும்.

அடுத்தது கல். சுவருக்கு ஃப்ளை ஆஷ் கல் வாங்கினோம். கொத்தனார்கள் சாம்பல் கல் என்கிறார்கள். இந்தப் பொருளுக்கு அரசு கொடுத்திருக்கும் ஆதரவு நெடுநாளையது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999இலேயே சாம்பலைப் பயன்படுத்துவது குறித்த அறிவிக்கையை வெளியிட்டது. பல திருத்தங்களுக்குப் பிறகு 2021 டிசம்பர் 31 அன்று வந்த அறிவிக்கை, அனல்மின் நிலையங்கள் தங்கள் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும், அனுப்பாமல் தேக்கினால் டன்னுக்கு 1000 ரூபாய் ஈடு செலுத்த வேண்டும் என்றும் கூறுகிறது. மின்நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்களில் சாம்பல் பொருள்களைப் பயன்படுத்தச் சொல்லும் விதியும் அதில் உண்டு. எண்ணூர், மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி ஆகிய இடங்களை வைத்து வட்டம் போட்டால் தமிழ்நாடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். சாம்பல் தேங்கினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பகுதியினருக்கு விளக்கத் தேவையில்லை. சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து எண்ணூர் கழிமுகமும் கொசஸ்தலை ஆறும் பட்ட பாடு, மீனவர்கள் ஆண்டுக்கணக்காகப் பசுமைத் தீர்ப்பாயத்தில் சொல்லிவரும் செய்தி. மறுபக்கம், சூளைச் செங்கல்லுக்காகக் கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் தோண்டப்பட்ட ஆழத்தைப் பார்த்தவர்களுக்கு, 2021இல் அங்கே சூளைகள் மூடப்பட்டதன் காரணமும் தெரியும். சாம்பல் கல்லை அச்சில் அழுத்தித் தண்ணீர் தெளித்து ஆறவிடுகிறார்கள், சுடுவதில்லை. மண்ணும் மிஞ்சுகிறது, விறகும் நிலக்கரியும் மிஞ்சுகின்றன.

கல்லின் தரத்தில்தான் எனக்குக் குறை உண்டு. முதலில் வந்த லோடு அருமையாக இருந்தது: ஓரங்கள் கூர்மையாகவும், இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென்றும், உடைத்துப் பார்த்தால் உள்ளும் புறமும் ஒரே சாம்பல் நிறமாகவும் இருந்தன. அளவு சீராக இருந்ததால் கலவையும் பூச்சும் கணிசமாக மிச்சமாயின. அதே சூளையில்லாச் செங்கல் பட்டறையிலிருந்து அடுத்து வந்த லோடில், நகத்தால் கீறினால் ஓரம் பொடியாக உதிர்ந்தது. மின்சாரக் குழாய்க்காகச் சுவரில் காடி வெட்டியபோது சில கற்கள் குறுக்கே விண்டுபோயின. போதிய நாள் ஆறாத கல் என்பது தெளிவு. சிமென்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஐஎஸ் 12894, ஐஎஸ் 16720 என்ற தரங்கள் இருந்தும், எங்களுக்கு வந்த கல்லின் மேல் தயாரிப்பு நாளும் இல்லை, வலிமை வகையும் இல்லை. ஒரு கல்லை 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து, எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புவது என்பதை இப்போது வழக்கமாக்கியிருக்கிறேன்.

அந்தப் பட்டறையின் ரசீதில் ‘நூறு சதவீதம் பசுமைக் கல்’ என்று அச்சடித்திருந்தார்கள். சாம்பல் கல்லைப் பிணைப்பதற்குச் சிமென்டோ சுண்ணாம்போ சேர்ந்தாக வேண்டும், அதற்கும் ஓர் உமிழ்வு உண்டு என்பதால், இந்த வாசகம் சரியல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஆதாரம் காட்டாமல் பசுமை, சூழலுக்கு உகந்தது என்றெல்லாம் பொதுப்படையாக விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. இது மிகவும் வரவேற்க வேண்டிய நெறி. ஊர்ப்புறப் பட்டறைகளுக்கு யாராவது போய் எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சான்று முத்திரைகள் என்று தேடினால் இரண்டு கிடைக்கின்றன. இந்தியத் தொழில் கூட்டமைப்பு நடத்தும் கிரீன்புரோ, பெரிய நிறுவனங்களின் பொருள்களுக்குக் கிடைத்திருக்கிறது. பசுமைக் கட்டிடத் தரச்சான்று தேடும் அலுவலக வளாகங்களுக்கு அது பயன்படும். மத்திய அரசின் ஈகோமார்க், மண்பானைச் சின்னத்துடன் 1991இல் வந்து, மக்களிடம் பரவாமலே நின்றுபோன திட்டம். 2024 செப்டம்பரில் அதற்குப் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. நான் போய்வரும் எந்தக் கட்டுமானப் பொருள் கடையிலும் அந்தச் சின்னத்தை இதுவரை பார்க்கவில்லை.

கம்பிக்கு வந்திருக்கும் ஏற்பாடுதான் இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. 2024 டிசம்பரில் மத்திய எஃகு அமைச்சகம் பசுமை எஃகு எது என்பதற்கு எண்ணால் வரையறை தந்தது: ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழே உமிழ்வு இருந்தால்தான் பசுமை எஃகு, 2.0 முதல் 2.2 வரை மூன்று நட்சத்திரம், 1.6 முதல் 2.0 வரை நான்கு, 1.6க்குக் கீழே ஐந்து. சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். வரம்பையே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறு ஆய்வு செய்து இறுக்கவும் வழி உண்டு. எண்ணைச் சொல்லி, நட்சத்திரத்தைக் கொடுத்து, காலவரம்பையும் வைத்திருக்கிறார்கள். ஃபிரிட்ஜுக்கும் ஏசிக்கும் 2006 முதல் வரும் நட்சத்திர முத்திரையால் எழுதப்படிக்கத் தெரியாதவர்கூட ‘அஞ்சு ஸ்டார் கொடுங்க’ என்று கேட்டு வாங்கப் பழகியிருக்கும் நாட்டில், இது சரியான முறை. ஆனால், நாங்கள் இறக்கிய கம்பியின் உடம்பில் நிறுவனத்தின் பெயரும் 550டி என்ற கிரேடும் புடைப்பாக இருந்தனவே தவிர, நட்சத்திரம் பற்றிய குறிப்பு கட்டில் தொங்கிய அட்டையிலும் இல்லை, பில்லிலும் இல்லை. டீலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நான்கு டன் கம்பி என்று கொண்டால், மூன்று நட்சத்திரத்துக்கும் ஐந்துக்கும் இடையே இரண்டு டன் அளவுக்கு வித்தியாசம் வரும். அதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவே இல்லை.

தனி வீட்டுக்காரர் கேட்டுச் சந்தை மாறுவதற்கு வெகுநாள் ஆகும்; அரசே வாங்குபவராக நின்று கேட்டால் விரைவில் மாறும். கலிபோர்னியா மாநிலம் 2017இல் இயற்றிய சட்டத்தின்படி, அரசுக் கட்டுமானத்துக்குக் கம்பியோ கண்ணாடியோ விற்பவர் அதன் உமிழ்வு அறிக்கையைத் தர வேண்டும், அது குறித்த வரம்புக்குள்ளும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுக்கு அதைவிட நேரான வழி ஒன்று இருக்கிறது, ஏனென்றால் இங்கே அரசே சிமென்ட் தயாரிக்கிறது. அரியலூரிலும் ஆலங்குளத்திலும் ஆலை வைத்திருக்கும் தமிழ்நாடு சிமென்ட் கழகம், ‘அரசு’ என்ற பெயரில் விற்கும் சிமென்டோடு, 2021 நவம்பர் முதல் ‘வலிமை’ என்ற பெயரிலும் சிமென்ட் விற்கிறது. கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்க்கும் எல்சி3 சிமென்டுக்கு 2023இல் ஐஎஸ் 18189 என்ற தரமும் வந்துவிட்டது. அந்த ஆய்வில் சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு. நிலக்கரி குறையும்போது சாம்பலும் குறையும் என்பதால், அடுத்து நாம் நம்பியிருக்க வேண்டிய சிமென்ட் அதுவே. எங்கள் ஊர்க் கடைகளில் இன்னும் அது வரவில்லை.

உமிழ்வை அளப்பது கடினம் என்று ஆலைகள் இனிச் சொல்லவும் முடியாது. கரிம வரவு வணிகத் திட்டத்தின் கீழ், சிமென்ட் ஆலைகளுக்கு டன்னுக்கு இவ்வளவுதான் உமிழலாம் என்ற இலக்கு 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கணக்கை அவை அரசுக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். ஆலையின் கோப்பில் இருக்கும் அதே கணக்கைச் சாம்பல் சதவீதத்துக்குப் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று தர நிர்ணய அமைவனம் ஒரு திருத்தம் கொண்டுவந்தால் போதும். அதற்கு முன்பே, அரசுக்குச் சொந்தமான அரியலூர் ஆலையின் மூட்டைகளில் தமிழ்நாடு அதைத் தானாகவே தொடங்கலாம்.