காலை வயிற்று வலி, ஞாயிற்றுக்கிழமை இல்லை: பெற்றோர் கேள்வித்தாள்களில் எது எதற்கு?

ஏழரை மணிக்கு வயிற்று வலி வரும். பள்ளிக்கூட வேன் போனதும் மெல்லத் தணிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை எட்டிக்கூடப் பார்க்காது. ஸ்கேன் எடுத்து, தாயத்தும் கட்டிப் பார்த்துவிட்டு வேலூருக்கு வருகிற இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பதற்றம் இருக்கிறதா என்று அறிய, அவன் அம்மாவிடம் எந்தக் கேள்வித்தாளைக் கொடுப்பது? எல்லாத் தாள்களும் பதற்றத்தைத் தொடுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் அளப்பது வேறு.

இவற்றில் சிறியது எஸ்டிக்யூ (SDQ), பிள்ளையின் உணர்ச்சி, நடத்தை எல்லாவற்றையும் பொதுவாகக் கேட்கும் தாள். 1997இல் குட்மேன் வெளியிட்டது. 25 கேள்வி வரிகள், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், காகிதத்தில் இலவசம். பெற்றோர் கூட்டத்தில் ஒரு வகுப்பு முழுவதற்கும் கொடுத்து வாங்கிவிடலாம். ஆனால் உணர்ச்சிப் பிரிவில் இருப்பதே ஐந்து வரிகள், அவற்றில் ஒன்று சோகத்தைக் கேட்பது. பத்துக்கு 5 அல்லது அதற்கு மேல் வந்தால் 'கவனிக்கவும்' என்று எழுதலாம். என்ன வகைப் பயம் என்பது இதில் தெரியாது. சல்லடைக்கு இது போதும், தராசுக்குப் போதாது.

உண்மையான போட்டி, பிள்ளைகளின் பதற்றத்துக்கென்றே உள்ள ஸ்கேர்டு (SCARED), ஸ்பென்ஸ் (Spence) என்ற இரண்டு தாள்களுக்கும் இடையில்தான். ஸ்கேர்டில் 41 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. கேட்பது கடந்த மூன்று மாதத்தைப் பற்றி. மொத்தம் 82க்கு 25ஐத் தொட்டால் சந்தேகப்படலாம் என்பது மூல அளவுகோல். அந்த 25 அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து வந்தது. இந்தியக் கிராமப்புற வளரிளம் பருவத்தினரிடம் செய்து 2013இல் வெளியான ஆய்வு 21ஐப் பரிந்துரைத்தது. அதுவும் பிள்ளைகளே நிரப்பிய தாளுக்கானது, அம்மா நிரப்பிய தாளுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. எங்களைக் கேட்டால், மொத்தத்தைப் பார்க்கும் முன் 2, 11, 17, 36 ஆகிய நான்கு வரிகளைக் கூட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் தலைவலி, வயிற்று வலி, போகப் பயம், பள்ளியைப் பற்றிய கவலை: நான்கும் பள்ளியைத் தவிர்ப்பதைக் கேட்பவை. 3 வந்தாலே அந்தப் பிரிவு எல்லையைத் தாண்டிவிடும். மொத்தம் 18தான் என்று திருப்பி அனுப்பிய பிள்ளைக்கு இந்த நான்கில் மட்டும் 6 இருக்கலாம். மேலே சொன்ன வயிற்று வலிப் பிள்ளைக்கு ஸ்கேர்ட்தான் முதல் தாள்.

ஸ்பென்ஸின் பெற்றோர் தாளில் 38 வரிகள், 0 முதல் 3 வரை, உச்சம் 114. திரும்பத் திரும்பக் கழுவுவது, சரிபார்ப்பது போன்ற எண்ணச் சுழல், உடலுக்கு அடிபடும் பயம் என்று ஸ்கேர்டில் தனியாக இல்லாத இரண்டு பிரிவுகள் இதில் உண்டு. நான்கு படிகள் இருப்பதால் சிகிச்சையில் 'எப்போதும்' என்பது 'அடிக்கடி' ஆகக் குறைந்தாலும் தெரியும். சிக்கல் வரிகளில்தான். நாய் பயத்தைக் கேட்கும் வரிக்குத் தெருநாய் சுற்றும் சத்துவாச்சாரி சந்தில் வளரும் பிள்ளை 3 வாங்குவது நோயாக இருக்க வேண்டியதில்லை. தனியாகத் தூங்கச் சொன்னால் பயப்படுவானா என்றால், ஒரே அறையில் பாட்டியோடு படுக்கிற வீட்டில் அம்மா "தெரியாதுங்க" என்பார். அதை 0 என்று போட்டுவிடாதீர்கள். உறவினர் வீட்டில் ஒரு ராத்திரி விட்டபோது எப்படி இருந்தான் என்று கேட்டுப் போடுங்கள். மூன்று முதல் ஆறு வயதுக்குப் பாலர் பதற்றத் தாள் தனியாக இருக்கிறது, அதில் 28 பதற்ற வரிகள்.

ஆர்கேட்ஸ் (RCADS) தாளில் 47 வரிகள். பதற்றத்தோடு மனச்சோர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் இது, அவசரத்துக்கு 25 வரிச் சுருக்கம். பிள்ளையின் எல்லா வகை நடத்தைப் பிரச்சினைகளையும் கேட்கும் சிபிசிஎல் (CBCL) 113 எண்களுடன் நீளமானது, விலை கொடுத்து வாங்க வேண்டியது. பிரச்சினை பதற்றமா, கவனக் குறைவா, முரட்டுத்தனமா என்றே பிடிபடாதபோது மட்டும் அதை எடுக்கலாம்.

எந்தத் தாளானாலும், வாசித்துக் காட்டும்போதுதான் கெட்டுப்போகிறது. "அறிமுகமில்லாதவர்களோடு இருக்கப் பிடிக்காது" என்று ஸ்கேர்டில் ஒரு வரி. அம்மா "இல்லைங்க, பிடிக்காது" என்பார். 'இல்லை' காதில் விழுந்ததும் 0 போட்டால் அவர் சொன்னதற்கு நேர் எதிர். "அப்போ ஒட்டமாட்டான், அப்படித்தானே? எப்பவாவதா, அடிக்கடியா?" என்று திருப்பிக் கேளுங்கள். 'கவலை' என்ற சொல்லும் வம்புதான். "சின்னப் புள்ளைக்கு இன்னா கவலை?" என்று தள்ளிவிடுவார்கள். "எதையாவது யோசனை பண்ணிட்டே இருக்கானா?" என்றால் பதில் கொட்டும். ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேளுங்கள், ஆளுக்கொரு விளக்கம் வேண்டாம். வாணியம்பாடி, ஆம்பூரில் உருது, குடியாத்தம் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது இன்னும் மோசம், தம்பியின் குறையை அண்ணன் வடிகட்டிவிடுவான்.

யார் நிரப்புவது என்பதும் மதிப்பெண்ணை மாற்றும். அம்மா காலையிலேயே ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால், பள்ளிக்கூடம் போகும் நேரத்து அழுகையைப் பார்ப்பது பாட்டி. கம்மவான்பேட்டை போன்ற ராணுவக் குடும்பங்களில் விடுப்பில் வந்த அப்பா நிரப்பினால், அவர் பார்த்தது அந்த விடுப்பு நாட்களை மட்டுமே. அம்மாவுக்கே பதற்றம் இருந்தால் எண்ணிக்கை ஏறும். பிள்ளை நிரப்பிய தாளும் பெற்றோர் தாளும் ஒத்துப்போவது எல்லா ஊரிலும் குறைவுதான். ராத்திரி நெஞ்சு படபடவென்று அடிப்பதை அம்மா எங்கே பார்ப்பார்? எட்டு வயதுக்கு மேல் என்றால் இரண்டையும் வாங்குங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள், எந்த வரிகளில் வேறுபடுகிறது என்று பாருங்கள்.

எஸ்டிக்யூவும் சிபிசிஎல்லும் ஆறு மாதத்தைக் கேட்பவை. ஸ்கேர்டின் மூன்று மாதம் பொதுத்தேர்வுக்கு முன் விழுந்தால் ஒரு எண், கோடை விடுமுறை முடிவில் விழுந்தால் வேறு எண். மே மாதத்தில் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். தாளின் மேல்மூலையில் தேதி, நிரப்பியவர் உறவு, வாசித்தவர், மொழி நான்கையும் எழுதிவைத்து, அடுத்த முறையும் அதே ஆளிடம் அதே மொழியில், பள்ளி நடக்கும் மாதத்தில் வாங்குங்கள்.