செகண்ட் ஹேண்ட் ஃபுல் ஃபிரேம் பாடி: டி750, 6டி நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமரா) வேண்டும், ஆனால் லென்ஸையும் சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது என்பவருக்கு இன்றைக்கும் என் பதில் நிக்கான் டி750. அந்த அளவுக்கும் பணம் எட்டாது என்றால் கேனன் 6டி. முன்னது 2014-இல் வந்தது, பின்னது 2012-இல். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, கடற்கரை வெயில் என்று வருடக்கணக்கில் புழங்கினால்தான் இந்த இரண்டின் குணமும் குறையும் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் அதற்குள் போகவில்லை. மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பாடிக்கு, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவுக்கு, கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

விற்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது ஷட்டர் கவுண்ட், அதாவது இதுவரை ஷட்டர் எத்தனை தடவை திறந்து மூடியது என்ற எண். அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம். டி750-இன் ஷட்டர் 1,50,000 கிளிக்குக்கும் 6டி-யின் ஷட்டர் 1,00,000 கிளிக்குக்கும் சோதிக்கப்பட்டது என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. மருந்துப் பட்டையில் போடுகிற காலாவதித் தேதி மாதிரி அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்டுடியோவில் ஒழுங்காகப் பராமரித்த 90,000 கிளிக் பாடி, பீரோவில் ஐந்து வருடம் பூட்டிக் கிடந்த 15,000 கிளிக் பாடியைவிட நல்ல நிலையில் இருப்பது சகஜம். பூட்டிக் கிடந்ததில் ரப்பர் பிசுபிசுத்திருக்கும், வியூஃபைண்டருக்குள் பூஞ்சை படர்ந்திருக்கும். இன்னொன்று, வீடியோ எடுத்த மணிக்கணக்கு கவுண்ட்டில் ஏறுவதே இல்லை. கவுண்ட் குறைவு, ஆனால் மணிக்கணக்காக வீடியோவில் சென்சார் சூடானது என்ற பாடிகள் சந்தையில் நிறைய உண்டு.

நிக்கானில் கவுண்ட் பார்ப்பது சுலபம். கேமராவிலிருந்து நேராக எடுத்த ஜேபெக் கோப்பை எக்ஸிஃப்டூல் என்ற, படத்துக்குள் பதிந்த விவரங்களைக் காட்டும் மென்பொருளில் திறந்தால் எண் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதில் அந்த விவரம் அழிந்துவிடும், அதனால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதே கோப்பில் சீரியல் நம்பரும் இருக்கும். பாடியில் அச்சிட்டிருப்பதோடு அது ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் போர்டு மாற்றியிருக்கலாம், அல்லது விவகாரம் வேறு. இரண்டில் எதுவானாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். 6டி படத்துக்குள் கவுண்ட்டை எழுதுவதில்லை. யூஎஸ்பி கேபிள் போட்டு லேப்டாப்பில் உள்ள மென்பொருளில்தான் பார்க்க முடியும்.

கவுண்ட்டைவிட முக்கியம், அந்த மாடலுக்கே உரிய வியாதி என்ன, இந்தப் பாடிக்கு அதற்கு வைத்தியம் ஆகியிருக்கிறதா என்பது. டி750-க்கு இரண்டு வியாதிகளை நிக்கானே அறிவித்தது. ஒன்று ஃபிளேர். ஃபிரேமின் மேல் விளிம்பை ஒட்டி வெளிச்சம் வந்தால், ஒளிச்சிதறலின் குறுக்கே கத்தியால் வெட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை விழும். இதைச் சரிசெய்த பாடிகளில் டிரைபாட் ஓட்டைக்குள் சின்னக் கறுப்புப் புள்ளி வைத்திருப்பார்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். மற்றொன்று ஷட்டர். சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி இருண்டுபோகும். 2015-இல் அறிவித்து, பிறகு 2016-இலும் 2017-இலும் இன்னும் பல பாடிகளைப் பட்டியலில் சேர்த்தார்கள். சீரியல் நம்பரை நிக்கானின் அறிவிப்புப் பக்கத்தில் போட்டால் உங்கள் பாடி அதில் வருகிறதா என்று தெரியும். வந்தால், ஷட்டர் மாற்றிய சர்வீஸ் பில்லைக் கேளுங்கள். பில் இருந்தால் அது குறை அல்ல, கூடுதல் தகுதி. ‘இப்பவும் ஃப்ரீயா மாத்தித் தருவாங்க’ என்று விற்பவர் சொன்னால், முதலில் சர்வீஸ் சென்டருக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்.

இதே கணக்கில் பார்த்தால் டி600-ஐ ஒதுக்கத் தேவையில்லை. ஷட்டரிலிருந்து எண்ணெயும் துகளும் சென்சாரில் தெறித்ததால் பேர் கெட்ட மாடல் அது. நிக்கான் இலவசமாக ஷட்டரை மாற்றிக் கொடுத்தது, 2013-இல் டி610-ஐயும் கொண்டுவந்தது. ஷட்டர் மாற்றிய டி600-க்கும் டி610-க்கும் படத்தில் வித்தியாசம் காண முடியாது. கெட்ட பேரால் விலை மட்டும் குறைந்திருக்கும். லேண்ட்ஸ்கேப், புராடக்ட் வேலைக்கு அது போதும். லைவ் வியூவில் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) இருக்கும்போது அப்பெர்ச்சரை (லென்ஸ் துவாரத்தின் அளவை) மாற்ற முடியாது என்பதால் வீடியோவுக்கு உதவாது.

மற்றவை சுருக்கமாக. கேனன் 5டி மார்க் 2-இல் நிழலைத் தூக்கினால் (இருண்ட பகுதியைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கினால்) கோடு கோடாக நாய்ஸ் தெரியும். மார்க் 3-இன் 61 பாயிண்ட் ஃபோகஸ் அருமை, ஆனால் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் கல்யாண வேலையில் அரைத்தெடுத்தவை. அதன் சிஎஃப் கார்டு ஸ்லாட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) ஆசைப்படுபவர்களுக்கு இந்தப் பணத்தில் கிடைப்பது சோனி ஏ7 முதல் தலைமுறை, ஏ7 மார்க் 2, அல்லது கேனன் ஈஓஎஸ் ஆர்பி. சோனி இரண்டுக்கும் ஒரு பேட்டரிக்கு அதிகாரப்பூர்வக் கணக்கே 350 படத்தைத் தாண்டாது, ஆர்பி-க்கு 250. டி750-க்கு 1,230. கூடுதல் பேட்டரி, அடாப்டர் என்று சேர்த்துப் பார்த்தால் மலிவாகத் தெரிந்த பாடி மலிவாக இருக்காது. முகத்தை, கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இல்லாமல் முடியாது என்பவர் காத்திருந்து ஏ7 மார்க் 3 வாங்குவது நல்லது.

நேரில் பார்க்கும்போது

கையோடு கொண்டுபோக வேண்டியவை: சார்ஜ் செய்த பேட்டரி, இரண்டு எஸ்டி கார்டு, 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், சின்ன டார்ச், புளோயர், முடிந்தால் லேப்டாப். பகல் வெளிச்சத்தில் சந்திப்பது அவசியம். காரணம், எல்இடி விளக்கின் கீழே வேகமான ஷட்டரில் எடுத்தால் நல்ல கேமராவிலும் பட்டை பட்டையாக விழும். ஷட்டர் கெட்டுவிட்டதோ என்று குழம்புவீர்கள். கெட்ட ஷட்டரை வைத்திருப்பவர் ‘அது லைட்டால வருது’ என்று சமாளிக்கவும் வழியாகிவிடும்.

வெயில் படும் வெள்ளைச் சுவரைப் பார்த்து 1/4000-இல் பத்துப் படம், 1/1000-இல் பத்து, 1/200-இல் பத்து எடுங்கள். வெளிச்சம் மேலிருந்து கீழ்வரை சீராக இருக்க வேண்டும், பத்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு படம் மட்டும் இருண்டாலும் ஷட்டரோ அப்பெர்ச்சர் லீவரோ தகராறு. எது என்று கண்டுபிடிக்க, லென்ஸை முழுசாகத் திறந்து ஒரு தடவை, துவாரத்தை நன்றாகச் சுருக்கி எஃப் 16-இல் ஒரு தடவை எடுங்கள். எஃப் 16-இல் மட்டும் தாறுமாறாக வந்தால் பாடிக்குள் இருக்கும் லீவர் வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். நிக்கானின் ஜி, டி லென்ஸ்களில் அப்பெர்ச்சரை இந்த லீவர்தான் அசைக்கிறது. லென்ஸை முரட்டுத்தனமாகக் கழற்றி மாட்டியவர்களின் பாடியில் இது நடக்கும். வேறு லென்ஸ் மாட்டியும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அடுத்து ஃபோகஸ். செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, இரண்டு மீட்டர் தள்ளிக் கேமராவை அசையாமல் வைத்து, எஃப் 1.8-இல் லைவ் வியூவில் ஒரு படம், வியூஃபைண்டர் வழியாக ஒரு படம். நடுப் பாயிண்ட், இடது ஓரம், வலது ஓரம் மூன்றிலும் செய்யுங்கள். லைவ் வியூ படம் கூர்மையாக இருந்து வியூஃபைண்டர் படம் மழுங்கினால் ஃபைன் ட்யூன், அதாவது மெனுவில் ஃபோகஸைத் திருத்துவது, வேண்டும். இரண்டு மாடலிலும் கூட்டல் கழித்தல் 20 வரை அந்த வசதி உண்டு. 5, 8 என்று திருத்தினால் சரியாவது சாதாரணம். இரண்டு மூன்று லென்ஸிலும் ஒரே பக்கமாக 15-ஐத் தாண்டினால் பாடி கீழே விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரம் சரி, மறு ஓரம் பிழை என்றால் ஃபைன் ட்யூனால் சரிசெய்யவே முடியாது.

மூடியைப் போட்டு, லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்து, ஐஎஸ்ஓ 100-இல் 30 விநாடி எடுத்தால் சில சிவப்பு, நீலப் புள்ளிகள் வரத்தான் செய்யும். 1/60-இலும் புள்ளி தெரிந்தால்தான் கவலை. 6டி-யில் மேனுவல் சென்சார் கிளீனிங்கைப் போட்டு ஒரு நிமிடம் விட்டு அணைத்தால் பல புள்ளிகள் மறைவது கேனன்காரர்களுக்குத் தெரிந்த வழி. டி750 மெனுவில் பிக்ஸல் மேப்பிங் (கெட்ட புள்ளிகளை மறைக்கும் வசதி) கிடையாது, சர்வீஸ் சென்டர்தான்.

பேட்டரியின் ஆயுளைக் கேமராவே சொல்லும். டி750-இன் பேட்டரி இன்ஃபோவில் 0 முதல் 4 வரை ஒரு எண் வரும். 0 புதுசு, 4 வந்தால் மாற்ற வேண்டும். 6டி-யில் மூன்று பச்சைக் கட்டம் நல்லது, சிவப்பு ஒன்றானால் முடிந்தது. டி750-இல் கிளாக் என்ற எழுத்து மின்னினால் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்தது என்று அர்த்தம். உள்ளே இருக்கும் கடிகார பேட்டரி, மெயின் பேட்டரியைப் போட்டு இரண்டு நாள் விட்டால் தானாகச் சார்ஜ் ஆகிவிடும். ஆனால் ‘நேத்துக்கூட ஷூட்டுக்குப் போச்சு’ என்று சொன்ன பாடியில் அது மின்னினால் மற்ற பேச்சையும் சந்தேகியுங்கள்.

வெளித்தோற்றத்தில் கீறலைவிட ஸ்குரூவைப் பாருங்கள். அடிப்பக்க ஸ்குரூ, ஹாட் ஷூ (மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்), டிரைபாட் ஓட்டை ஆகியவற்றில் துரு இருந்தால் கடற்கரை உப்புக்காற்றோ தண்ணீரோ பட்டிருக்கிறது. ஸ்குரூ தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கல்யாண வேலை பார்த்த பாடியில் ஓமப் புகையின் நெய்ப்பிசுக்கு வியூஃபைண்டர் ஓரத்திலும் டயல் இடுக்கிலும் பழுப்பாகப் படிந்திருக்கும். துடைத்தால் போகும், ஆனால் டயல் சுற்றும்போது எண் தாவினால் அது உள்ளே இறங்கிவிட்டது. டி750-இன் திரையை மேலும் கீழும் முழுசாக மடக்கி, எந்தக் கோணத்திலாவது படம் அணைகிறதா என்று பார்க்கவும். கண்ணை வைக்கும் ரப்பர் காணாமல் போயிருக்கும், கிட்டத்தட்ட எல்லா டி750-இலும். அதற்கு விலை குறைக்கச் சொல்ல வேண்டாம், சில்லறை விஷயம்.

கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஸ்டுடியோக்காரர்களிடம் பேசுவது என் யோசனை. பேரம் படிய இடமிருக்கும், நிதானமாகச் சோதிக்கவும் விடுவார்கள்.

பயன்பாட்டில்

டி750-இன் பெரிய பலம் ஐஎஸ்ஓ 100-இல் எடுத்த ரா கோப்பின் (கேமரா திருத்தாமல் தரும் மூலக் கோப்பு) நிழல் பகுதி. முகத்துக்குப் பின்னால் வானம் வெளுக்காதபடி மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்து, பிறகு லைட்ரூமில் முகத்தைத் தூக்கினால் தோல் நிறம் கெடாது. 6டி-யில் இதே அளவு தூக்கினால் நிழலில் மணல் மணலாகிவிடும். அதற்கு முதலிலேயே சரியாக எக்ஸ்போஸ் செய்ய வேண்டும். ஐஎஸ்ஓ 3200-க்கு மேலே இரண்டும் ஏறக்குறைய சமம். இருட்டு மண்டபத்தில் 6400 வரை இரண்டையும் தைரியமாக ஓட்டலாம்.

ஃபோகஸில்தான் இடைவெளி பெரிது. 6டி-யின் 11 பாயிண்ட்டில் நடுவில் உள்ளது மட்டும் கிராஸ் டைப் (நெடுக்கும் குறுக்கும் பார்த்து ஃபோகஸ் பிடிப்பது). அது மங்கலான வெளிச்சத்திலும் பிடிக்கும், மற்ற பத்தும் பேருக்குத்தான். டி750-இன் 51 பாயிண்ட்டும் நம்பகமானவை, ஆனால் எல்லாம் நடுவில் கொத்தாக இருக்கும். ஃபிரேமின் ஓரத்தில் நிற்பவரைப் பிடிக்க, ஃபோகஸ் வைத்துவிட்டுக் கேமராவைத் திருப்ப வேண்டும். 85 மி.மீ. எஃப் 1.8-இல் அப்படித் திருப்பினால் கண் தப்பி மூக்கில் விழும். எஃப் 2.8-க்கு மூடிக்கொள்வது நல்லது. ஓடும் குழந்தைக்கு குரூப் ஏரியா மோடு (பல பாயிண்ட்டைச் சேர்த்துப் பிடிப்பது), ஏஇ-எல் பட்டனை ஃபோகஸுக்கு மாற்றிவைப்பது, இந்த இரண்டும் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எரிச்சல்கள்: 14 பிட் ராவில் தொடர்ந்து எடுத்தால் பதினைந்து படம் சொச்சத்தில் பஃபர் (கார்டில் எழுதும் வரை படம் தங்கும் தற்காலிக நினைவகம்) நிறைந்துவிடும். லைவ் வியூ ஃபோகஸ் ஆமை வேகம், வீடியோவுக்கு மேனுவல்தான். வைஃபை இருக்கிறது, கார்டு ரீடர் அதைவிட வேகம். 6டி-யில் கார்டு ஸ்லாட் ஒன்றே ஒன்று. காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே டி750 பக்கம் போக வேண்டும்.

லென்ஸ் விஷயத்தில் டி750-க்கு ஒரு சௌகரியம். பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் 50 எஃப் 1.8டி, 80-200 எஃப் 2.8டி போன்ற பழைய லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நாளைக்கு நிக்கானின் மிரர்லெஸ் இசட் வரிசைக்கு மாறி எஃப்டிஇசட் அடாப்டர் போட்டால் இவை மேனுவலாகிவிடும் என்பதால்தான் விலை இறங்கிக் கிடக்கின்றன. 6டி-க்கு 50 எஃப் 1.8 எஸ்டிஎம், 40 எஃப் 2.8 எஸ்டிஎம் போதும். 24-105 எஃப் 4 எல் முதல் பதிப்பை வாங்கினால், எஃப் 8-க்கு மூடி 24-இலிருந்து 105 வரை ஒவ்வொரு இடத்திலும் எடுத்துப் பாருங்கள். அப்பெர்ச்சர் ஃபிளெக்ஸ் கேபிள் அறுந்து எர்ரர் 01 காட்டுவது அதன் பிரசித்தி பெற்ற வியாதி. முழுசாகத் திறந்து எடுத்தால் தெரியாது.

வாங்கிய வாரத்திலேயே சென்சாரைச் சுத்தம் செய்துவிடுங்கள். எஃப் 16-இல் வானத்தை எடுத்துப் புள்ளியை எண்ணுங்கள், பேட்டரி முழுசாக இருக்க மிரரைத் தூக்கி, கேமராவைக் கவிழ்த்துப் புளோயர் அடியுங்கள். அதில் போகாததற்கு 24 மி.மீ. ஸ்வாப்பில் (சென்சார் துடைக்கும் குச்சி) இரண்டு சொட்டு சென்சார் கிளீனிங் திரவம், ஒரு பக்கம் ஒரே இழுப்பு, திருப்பி மறுபக்கம் ஒரே இழுப்பு. டின்னில் அடைத்த காற்று ஸ்பிரே அடித்தால் திரவம் சென்சாரில் தெறித்துக் கறையாகிவிடும். வாயால் ஊதினால் எச்சில். சென்னை மாதிரி ஊரில் தோல் பையில் போட்டு பீரோவில் வைக்காமல், ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைத்து, உள்ளே இருநூறு முந்நூறு ரூபாய் ஹைக்ரோமீட்டர் ஒன்று போட்டு 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். 30-க்குக் கீழே போனாலும் ரப்பர் காய்ந்து உரியும்.